தெர்மாமீட்டர் காட்டும் எண்ணை எப்படிப் படிப்பது? உடல் வெப்பநிலை அளக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

நல்ல உடல்நிலையில் இருக்கும் ஒருவருக்கு மாலை வேளையில் பத்து நிமிட இடைவெளிக்குள் மூன்று இடங்களில் வெப்பநிலை பார்த்தால், அக்குளில் 36.6, நாக்கின் அடியில் 37.1, காதில் 37.3 என்று மூன்று விதமான எண்கள் வரலாம். முதன்முறையாகத் தெர்மாமீட்டரைக் கையில் எடுப்பவர் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவார். உண்மையில் அந்த மூன்று எண்களுமே சரியானவைதான். உடலின் வெவ்வேறு இடங்கள் வெவ்வேறு வெப்பத்தில் இருக்கின்றன. ஆகையால் எந்த இடத்தில், எந்த நேரத்தில் அளந்தது என்று தெரியாத வரையில் வெறும் எண்ணுக்குப் பொருள் மிகக் குறைவு. காய்ச்சல் பார்க்கக் கற்றுக்கொள்பவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய செய்தி இதுதான். மற்றவை எல்லாம் இதிலிருந்து பிறப்பவை. (இக்கட்டுரையில் பாரன்ஹீட் என்று குறிப்பிடாத எண்கள் யாவும் செல்சியஸ் அளவில் உள்ளவை.)

37 என்ற எண் எங்கிருந்து வந்தது?

மனித உடலின் இயல்பான வெப்பநிலை 37 டிகிரி, அதாவது 98.6 பாரன்ஹீட், என்று பள்ளிப் பருவத்திலிருந்தே கேட்டுப் பழகியிருக்கிறோம். இந்த எண்ணை நிலைநாட்டியவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பணியாற்றிய கார்ல் வுண்டர்லிக் என்ற மருத்துவர். ஏறத்தாழ 25,000 நோயாளிகளின் அக்குளில் அளந்த மிகப் பெரும் எண்ணிக்கையிலான பதிவுகளை வைத்து, 1868ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலில் இந்தச் சராசரி இடம்பெற்றது. அக்காலத் தெர்மாமீட்டர்கள் ஓர் அடி நீளம் வரை இருந்தன. ஒரு முறை அளக்க இருபது நிமிடம் போல ஆகும். ஐந்தே நிமிடத்தில் அளவு காட்டும், ஆறு அங்குல நீளமுள்ள கையடக்கமான கருவியை இங்கிலாந்து மருத்துவர் கிளிஃபர்ட் ஆல்பட் 1860களில் உருவாக்கினார். காய்ச்சல் பார்ப்பது மருத்துவரின் அன்றாட வேலையாக மாறியது அதன் பிறகுதான்.

வுண்டர்லிக் தம் நூலில் வெப்பநிலை காலையில் குறைந்தும் மாலையில் கூடியும் இருக்கும் என்பதைத் தெளிவாகவே எழுதியிருந்தார். பின்னால் வந்தவர்கள் அந்த ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டுச் சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 37 என்பது முழு எண்ணாகச் சுருக்கிச் சொல்லப்பட்ட சராசரி. அதைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றியதும் 98.6 என்று தசமப் புள்ளியோடு வந்து நிற்கிறது. பார்ப்பவருக்கு யாரோ மிக நுட்பமாக அளந்து கண்டுபிடித்த எல்லைக்கோடு போலத் தோன்றுகிறது. 98.8 என்று காட்டினால் 'கொஞ்சம் காய்ச்சல் இருக்கிறது' என்று கவலைப்படுவது இந்தப் புள்ளியால் வந்த வினை.

1992ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, 18 முதல் 40 வயது வரையிலான, நோயற்ற 148 பேரிடம் வாய்வழியாக 700 முறை அளந்து பார்த்தது. சராசரி 36.8 டிகிரிதான் வந்தது. சரியாக 98.6 பாரன்ஹீட் என்று காட்டியவை அந்த 700 பதிவுகளில் நூற்றுக்கு எட்டு மட்டுமே. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட இன்னோர் ஆய்வு, 19ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர் வீரர்களின் பதிவுகளையும் பிற்காலப் பதிவுகளையும் ஒப்பிட்டு, பிறந்த காலம் பத்தாண்டு பிந்தும்போதெல்லாம் சராசரி 0.03 டிகிரி என்ற அளவில் குறைந்து வந்திருப்பதாகக் கூறியது. நாள்பட்ட தொற்றுகளும் அழற்சியும் முன்பைவிடக் குறைந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

ஆகவே இயல்பு என்பது ஒரு வரம்பு. பெரியவர்களுக்கு வாய்வழியாக அளக்கும்போது ஏறத்தாழ 36.1 முதல் 37.2 வரை, அதாவது 97 முதல் 99 பாரன்ஹீட் வரை, இயல்பு என்று பொதுவாகக் கொள்கிறார்கள். மாலை வேளையில் 37.5ஐ ஒட்டி வருவதும் நலமானவர்களிடம் காணப்படுவதே. விடியற்காலை நான்கு மணியிலிருந்து ஆறு மணிக்குள் உடல் மிகக் குளிர்ந்திருக்கும்; மாலை நான்கிலிருந்து ஆறு மணிக்குள் மிகச் சூடாக இருக்கும். இரண்டுக்கும் இடையே அரை டிகிரி வேறுபாடு சர்வசாதாரணம். பெண்களுக்குக் கருமுட்டை வெளிப்பட்ட பிறகு 0.3 முதல் 0.5 டிகிரி வரை உயர்ந்து, அடுத்த மாதவிலக்கு வரை அப்படியே இருக்கும். முதியவர்களுக்குச் சராசரி சற்றுத் தாழ்ந்திருக்கும்; அவர்கள் விஷயத்தில் இது எவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால் பார்ப்போம். ஓடியாடி வந்த உடனும், நல்ல வெயிலில் நின்ற பிறகும், கனத்த போர்வைக்குள் இருந்து எழுந்ததும் எண் ஏறித்தான் இருக்கும்.

முதல் வேலை: நலமாக இருக்கும்போதே அளந்து வையுங்கள்

பெரும்பாலோர் தெர்மாமீட்டரைத் தேடுவது உடம்பு சுட்ட பிறகுதான். அப்போது வரும் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் எதுவும் இருப்பதில்லை. ஊருக்கெல்லாம் பொதுவான 37ஐத்தான் நாட வேண்டியிருக்கிறது. வீட்டில் உள்ளவர்கள் நலமாக இருக்கும் ஒரு வாரத்தைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொருவருக்கும் காலையில் படுக்கையை விட்டு எழுமுன் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும், ஒரே கருவியால் ஒரே இடத்தில் அளந்து குறித்து வையுங்கள். காலையில் 36.2, மாலையில் 36.8 என்பது ஒருவருக்கு வழக்கமாக இருக்கும். பக்கத்து அறையில் படுத்திருப்பவருக்கு 36.6, 37.2 என்று இருக்கும். மாலையில் 37.3 என்று வந்தால் இரண்டாமவர் நிம்மதியாக இருக்கலாம். முதலாமவர் இன்னொரு முறை பார்ப்பது நல்லது. நாம் 'உள்காய்ச்சல்' என்று சொல்வதில் ஒரு பகுதியாவது இப்படிப்பட்ட, தன் வழக்கத்தைவிட உயர்ந்து, ஆனால் பொது வரம்புக்குள் அடங்கிவிடும் எண்ணாக இருக்கக்கூடும் என்பது என் எண்ணம்.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டுக்கு ஒரே ஒரு கருவி போதும் என்றால், முனையை உடலில் தொட வைத்து அளக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையே நான் பரிந்துரைப்பேன். அதன் உலோக முனைக்குள் தெர்மிஸ்டர் எனப்படும் சிறிய மின்தடை இருக்கிறது. வெப்பம் மாறும்போது அதன் மின்தடை அளவு மாறுவதைக் கணக்கிட்டு எண்ணாகக் காட்டுகிறது. வாய், அக்குள், ஆசனவாய் ஆகிய மூன்று இடங்களிலும் இதைப் பயன்படுத்த முடியும்.

காதுத் தெர்மாமீட்டர் செவிப்பறையிலிருந்து வெளிப்படும் அகச்சிவப்புக் கதிரை அளக்கிறது. ஓரிரு நொடிகளில் முடிந்துவிடுவதால் ஓரிடத்தில் நில்லாத குழந்தைகளுக்கு வசதி. ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காதுக்குழாய் மிகச் சிறியது என்பதால் ஏற்றதல்ல. நெற்றிக்கு நேரே நீட்டிப் பார்க்கும் தொடாத கருவி, பலரை விரைவாகப் பார்த்து அனுப்ப வேண்டிய வாசல்களுக்கு உகந்தது. நோயாளியைக் கண்காணிக்க அதை மட்டும் நம்புவது சரியல்ல. வியர்வை, காற்று, வெயில் எல்லாமே தோலின் வெப்பத்தை மாற்றிவிடும். அதைப் பயன்படுத்துபவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: இத்தகைய பல கருவிகளில் உடலுக்கு ஓர் அமைப்பும், பொருள்களின் மேற்பரப்புக்கு ஓர் அமைப்பும் இருக்கும். நெற்றித் தோல் உடலின் உட்பகுதியைவிடக் குளிர்ந்தது என்பதால், உடலுக்கான அமைப்பில் கருவி அந்த வேறுபாட்டைக் கூட்டிக் காட்டுகிறது. பொத்தான் தவறுதலாக மாறிவிட்டால், நன்றாக இருப்பவருக்கும் 34 என்று வரும்.

பாதரசத் தெர்மாமீட்டர் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பாதரசத்தின் தீங்கைக் கருதி, 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை அதன் உற்பத்திக்கும் ஏற்றுமதி இறக்குமதிக்கும் 2020ஐ முடிவு ஆண்டாக வைத்தது. அது உடைந்தால் விளக்குமாறோ வேக்குவம் கிளீனரோ கொண்டு எடுக்கக் கூடாது. மணிகள் இன்னும் சிறிதாகச் சிதறி ஆவியாவதற்கு அது வழிசெய்யும். குழந்தைகளை அறையை விட்டு அனுப்பி, சன்னலைத் திறந்து, கையுறை அணிந்து, இரண்டு தடித்த காகிதத் துண்டுகளால் மணிகளை ஒன்றுசேர்த்து, இறுக மூடும் பாத்திரத்தில் போட்டு, அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். கழிவுநீர்க் குழாயில் ஊற்றுவது கூடவே கூடாது.

அளக்கும் முன்

பத்து, பதினைந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். சூடாகவோ குளிர்ச்சியாகவோ எதையாவது குடித்திருந்தால், உண்டிருந்தால், புகைபிடித்திருந்தால் வாய்வழியாகப் பார்க்க அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். குளித்து வந்தவுடனும் வேண்டாம். காய்ச்சல் மாத்திரை கொடுப்பதாக இருந்தால், கொடுப்பதற்கு முன் ஒரு முறை அளந்துவிடுவது முக்கியம். கொடுத்த பிறகு வரும் எண் நோயைக் காட்டுகிறதா மருந்தைக் காட்டுகிறதா என்பதைப் பிரித்தறிய முடியாது.

கருவியை இயக்கியவுடன் பல தெர்மாமீட்டர்களில் முந்தைய முறை அளந்த எண் ஓரிரு நொடிகள் தெரியும். புதியவர்கள் அதையே இப்போதைய அளவு என்று எண்ணிவிடுவது உண்டு. அது மறைந்து, பாரன்ஹீட்டா செல்சியஸா என்ற குறியீடு மட்டும் சிமிட்டத் தொடங்கிய பிறகே உடலில் வைக்க வேண்டும். திரையில் 'குறைவு' என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் இரண்டு எழுத்துகள் தோன்றினால் பதற வேண்டியதில்லை. முனையின் வெப்பம் பெரும்பாலான கருவிகளின் கீழ் எல்லையான 32 டிகிரிக்கும் கீழே இருக்கிறது என்பதே அதன் பொருள்.

வாயில் அளக்கும் முறை

நாக்கைத் தூக்கிப் பார்த்தால் நடுவில் அதைக் கீழ்த்தாடையோடு இணைக்கும் மெல்லிய தசைநார் தெரியும். அதற்கு வலப்புறமும் இடப்புறமும், நாக்கின் வேர் வரை உள்ளே செல்லும் இரண்டு பள்ளங்கள் உள்ளன. பெரிய இரத்தக் குழாய்கள் அவற்றை ஒட்டி ஓடுவதால் வாயிலேயே அதிக வெப்பமுள்ள இடங்கள் அவைதான். முனை அந்தப் பள்ளத்தின் உட்கோடியில் பதிந்திருக்க வேண்டும். முன்பற்களுக்குப் பின்னால், நாக்கின் நுனிக்கு அடியில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் பெரும்பாலோர் செய்வது. அதனால் எண் சில தசமங்கள் குறைந்துபோகிறது. உதடுகளை மூடி, பல்லால் கடிக்காமல், மூக்கால் மூச்சுவிட்டுக்கொண்டு, பேசாமல் இருக்க வேண்டும். மூக்கடைப்பால் வாய்வழியே மூச்சுவிடுபவருக்கும், நான்கைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், நினைவு தடுமாறியவர்களுக்கும் இந்த முறை ஒத்துவராது.

பாதரசக் கருவியானால் முதலில் மணிக்கட்டைச் சுண்டி உதறிப் பாதரசத்தை 35க்குக் கீழே இறக்கிவிட்டு, வாயில் மூன்று நிமிடமாவது வைக்க வேண்டும். படிக்கும்போது கண்ணுக்கு நேராகப் பிடித்து, வெள்ளிக் கோடு பளிச்சென்று தெரியும் வரை மெல்ல உருட்ட வேண்டும்.

அக்குளில் அளக்கும் முறை

அச்சமின்றி எவருக்கும் செய்யக்கூடியது இது. தவறாகச் செய்யப்படுவதிலும் இதற்கே முதலிடம். அக்குளை உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் தோல் சூடேறிவிடும். முனையை அக்குளின் மையத்தில், உச்சியைத் தொடும்படி வைத்து, இடையில் துணி சிக்கவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டு, கையை மார்போடு மடக்கி இறுக்க வேண்டும். குழந்தையானால் மடியில் வைத்து அதன் கையை நீங்கள் அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இங்கே பொறுமை தேவை. முனை உணரும் வெப்பம் ஏறுவது நின்றுவிட்டது என்று கணக்கிட்டதும் கருவி ஒலி எழுப்பும். வாயில் வைக்கும்போது ஒலி வந்த நேரமும் வெப்பம் நிலைத்த நேரமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். அக்குளிலோ, அதுவரை திறந்திருந்த தோல் மூடப்பட்ட பிறகுதான் மெதுவாகச் சூடேறுகிறது. ஒலி கேட்டதும் எடுத்துப் பார்த்தால் 36.9 என்றிருக்கும், எடுக்காமல் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் விட்டுப் பார்த்தால் பல கருவிகளில் 37.0, 37.1, 37.2 என்று ஒவ்வொரு தசமமாக ஊர்ந்து ஏறி 37.3இல் நிற்பதைக் காணலாம். எனவே அக்குளில் வைத்தால் ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. அப்படியும் அக்குள் அளவு வாயின் அளவைவிட அரை டிகிரி போலக் குறைவாகத்தான் வரும். அதைக் கூட்டி எழுத வேண்டாம். வந்த எண்ணை எழுதி, பக்கத்தில் 'அக்குள்' என்று குறியுங்கள்.

காதும் ஆசனவாயும்

காதில் அளக்கும்போது பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னுமாகவும், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நேராகப் பின்னோக்கியும் மெல்ல இழுத்துப் பிடிக்க வேண்டும். வளைந்த காதுக்குழாய் நேரானால்தான் கருவி செவிப்பறையைப் 'பார்க்க' முடியும். இழுக்காமல் வைத்தால் அது குழாயின் சுவரைப் பார்த்துவிட்டுக் குறைத்துச் சொல்லும். தலையணையில் அழுந்திய காது சூடாக இருக்கும். சில நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஆசனவாயில் அளப்பதே மிகத் துல்லியமானது என்று பல நாட்டு மருத்துவர்கள் கருதுகிறார்கள். முனையில் பெட்ரோலியம் ஜெல்லி தடவி, ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் போகாமல், தடை தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்தி அளக்க வேண்டும். ஒரு செவிலியர் செய்துகாட்டக் கற்றுக்கொள்ளாமல் தாமாக முயல்வதை நான் ஊக்குவிக்க மாட்டேன். இதற்கென்று தனிக் கருவி ஒன்றை வைத்து, மேலே எழுதி ஒட்டிவிட வேண்டும். இங்கே வரும் எண் வாயில் வருவதைவிட 0.3 முதல் 0.6 வரை கூடுதலாக இருக்கும்.

குளிர்நடுக்கத்தின்போது கை ஏமாற்றும்

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, உடல் எவ்வளவு வெப்பத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. தொற்று ஏற்படும்போது வெளிப்படும் வேதிப்பொருள்கள் அந்த இலக்கை, உதாரணமாக, 37இலிருந்து 39க்கு உயர்த்திவிடுகின்றன. உடல் அந்த இலக்கை எட்டுவதற்காகத் தோலுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்து, தசைகளை நடுங்கவைத்து வெப்பத்தை உண்டாக்குகிறது. அந்த வேளையில் நோயாளி 'குளிருகிறது' என்று போர்வை கேட்பார். கையும் காலும் சில்லென்று இருக்கும். தொட்டுப் பார்த்தவர் காய்ச்சல் இல்லை என்பார், தொடாத கருவியும் குறைத்தே காட்டக்கூடும். ஆனால் உள்ளே வெப்பநிலை ஏறிக்கொண்டே இருக்கிறது. நடுக்கம் நின்று, ஒரு கால் மணி நேரம் கழித்து வாயில் பார்த்தால் நிலைமை தெரிந்துவிடும். பிறகு இலக்கு பழைய நிலைக்கு இறங்கும்போது உடல் வியர்த்துக் கொட்டும். 'காய்ச்சல் விட்டுவிட்டது' என்று நாம் சொல்வது அந்தக் கட்டத்தைத்தான்.

எண்ணைக் குறிப்பதும் அதன் பொருளும்

எண், இடம், நேரம், கடைசியாகக் கொடுத்த மருந்து ஆகிய நான்கையும் ஒரே வரியில் எழுதுங்கள்: 'மாலை 6.10, அக்குள், 38.4, மதியம் 1 மணிக்குப் பாராசிட்டமால்.' மருத்துவரிடம் 'நூறுக்கு மேல் இருந்தது' என்று சொல்வதைவிட இந்த வரி பல மடங்கு உதவும். மணிக்கு நான்கு முறை அளப்பதால் பயனில்லை, நோயாளியின் தூக்கம்தான் கெடும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையும், நிலைமை மாறுவதாகத் தோன்றும்போதும் பார்த்தால் போதும்.

பொதுவாக 38 டிகிரியும் அதற்கு மேலும், அதாவது 100.4 பாரன்ஹீட் முதல், காய்ச்சல் என்று கொள்ளப்படுகிறது. 39 என்பது 102.2 பாரன்ஹீட், 40 என்பது 104. செல்சியஸ் எண்ணை 1.8ஆல் பெருக்கி 32ஐக் கூட்டினால் பாரன்ஹீட் கிடைத்துவிடும்.

எண் மட்டுமே நோயின் கடுமையைச் சொல்வதில்லை. 39.5 இருந்தும் விளையாடிக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்கும் குழந்தையைவிட, 38.2 இருந்து சோர்ந்து துவண்டு கிடக்கும் குழந்தையைப் பற்றியே அதிகம் கவலைப்பட வேண்டும். இதற்கு விலக்கு மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை: அதற்கு 38ஐத் தொட்டாலே, வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். பச்சிளங் குழந்தைக்கு வெப்பநிலை 36.5க்குக் கீழே போவதும் ஆபத்துதான். தாயின் மார்போடு தோல் தொட அணைத்து வைத்து வெப்பமூட்டியபடியே உதவி தேட வேண்டும். முதியவர்களிடம் கடும் தொற்று இருந்தும் எண் 37.8ஐத் தாண்டாமல் போகலாம். அவர்களுடைய வழக்கமான அளவை முன்பே குறித்து வைத்திருந்தால் ஒரு டிகிரி உயர்வு கூடக் கண்ணில் படும்.

40க்கு மேல் ஏறி, கூடவே பேச்சுக் குழறலோ மனக்குழப்பமோ மயக்கமோ இருந்தால், அதிலும் வெயிலில் இருந்தவராக இருந்தால், அது வெப்பத்தாக்கமாக இருக்கக்கூடும். உடலைக் குளிர்விப்பதை அங்கேயே தொடங்கிவிட்டு ஆம்புலன்சை அழைக்க வேண்டும். அந்த நிலையில் மூளையின் இலக்கு உயரவில்லை, வெளியேற முடியாத வெப்பம்தான் உடலில் தேங்கியிருக்கிறது; ஆகையால் பாராசிட்டமால் வேலை செய்யாது. மறுபக்கம், உடலின் உட்பகுதி 35க்குக் கீழே இறங்கினால் அதுவும் அவசர நிலையே. கழுத்து விறைப்பு, மூச்சுத்திணறல், வலிப்பு, அழுத்தினாலும் மறையாத தோல் தடிப்புகள் ஆகியவற்றில் எது இருந்தாலும் தெர்மாமீட்டர் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

வேலை முடிந்ததும் முனையைச் சோப்பு நீரால் துடைத்து, ஆல்கஹால் நனைத்த பஞ்சால் மீண்டும் ஒரு முறை துடைத்து, காயவிட்டு உறையில் போட வேண்டும். வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் கருவி பாழாகிவிடும். திரை மங்கத் தொடங்கினால் பேட்டரியை மாற்றிவிடுங்கள். காய்ச்சல் நள்ளிரவில் வருவதுதான் வழக்கம்.